உலகக் கோப்பையை வென்ற ஆட்டம் ஏன் நினைவில் இல்லை? ஸ்டீவ் தாம்சனும் ரக்பி மூளைக்காய வழக்கும்

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி உலகக் கோப்பை இறுதிப்போட்டி. ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் 17-17 என்று நிற்கின்றன. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. பக்கக் கோட்டில் நின்றபடி இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சன் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிகிறார். வரிசையின் கடைசியில் நின்ற லூயிஸ் மூடி எழும்பிப் பிடிக்கிறார். சில நொடிகள் முட்டி மோதி முன்னேறியதும் பந்து ஜானி வில்கின்சன் கைக்கு வருகிறது. வழக்கமாக இடக்காலால் உதைப்பவர், இந்த முறை வலக்காலால் உதைக்கிறார். 20-17. ஆடவர் ரக்பி உலகக் கோப்பை 2023 வரை பத்து முறை நடந்திருக்கிறது. வடகோளத்து நாடு ஒன்று வென்றது அந்த ஒரு முறைதான்.

2020 ஊரடங்கு நாட்களில் அந்தப் போட்டி தொலைக்காட்சியில் மறுபடி ஒளிபரப்பானது. தாம்சனும் பார்த்தார். தான் அங்கே இருந்ததே அவருக்கு நினைவில்லை. அந்த ஆண்டே, 42 வயதில், அவருக்கு இளவயது டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் சிதையும் நோய், இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். ரக்பி அமைப்புகள் மீது நடக்கும் மூளைக்காய வழக்கில் முதலில் வெளியே வந்து பேசியவர்களில் அவரும் ஒருவர்.

இந்த வழக்குச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ரக்பி முரட்டு ஆட்டம் என்று தெரிந்துதானே ஆடினார்கள், இப்போது எதற்கு வழக்கு? தலையில் பெரிய அடி எதுவும் படாமலேயே மூளை கெடுமா? இரண்டுக்கும் விடை தாம்சனின் ஆட்ட வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் எந்த இடத்தில் ஆடினார், எந்த ஆண்டுகளில் ஆடினார் என்பதைப் புரிந்துகொண்டால் வழக்கின் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஆட்டம்

ரக்பியில் இரண்டு வகை உண்டு. அணிக்கு 13 பேர் ஆடுவது ரக்பி லீக். 15 பேர் ஆடுவது ரக்பி யூனியன். தாம்சன் ஆடியது யூனியன். ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையில் வைத்து ஓடலாம், உதைக்கலாம். கையால் கொடுத்தால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும், முன்னால் எறியக் கூடாது. பந்தோடு ஓடுபவரைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்ப்பதற்கு டாக்கிள் என்று பெயர். கபடியில் பிடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இருவரும் முழு வேகத்தில் எதிரெதிரே வந்து மோதுகிறார்கள்.

15 பேரில் முதல் எட்டுப் பேர் ஃபார்வர்டுகள். பந்துக்காக மல்லுக்கட்டுவது இவர்கள் வேலை. மீதி ஏழு பேர் பேக்குகள்.

ஹூக்கர் என்பவர் யார்?

சின்னத் தவறு ஏதாவது நடந்து ஆட்டம் நின்றால், மறுபடி தொடங்க ஸ்க்ரம் போடுவார்கள். இரு அணிகளின் எட்டெட்டு ஃபார்வர்டுகளும் மூன்று வரிசையாகக் கோத்துக்கொண்டு, குனிந்து, எதிரணியோடு தலையும் தோளும் மோத இணைந்து தள்ளுவார்கள். சர்வதேச அணியின் எட்டுப் பேர் எடையைக் கூட்டினால் 900 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். நடுவில் பந்து உருட்டிவிடப்படும்.

முன்வரிசையில் மூன்று பேர். இரு ஓரங்களில் ப்ராப்கள், நடுவில் ஹூக்கர். உருண்டு வரும் பந்தைக் காலால் கொக்கிபோட்டுப் பின்னால் இழுப்பதால் அந்தப் பெயர். அவருடைய இரண்டு கைகளும் இருபக்க ப்ராப்களின் மேல் போடப்பட்டிருக்கும். தலை, எதிரணியின் இரண்டு தலைகளுக்கு நடுவே செருகப்பட்டிருக்கும். முன்னாலிருந்து ஒரு மலை தள்ளுகிறது, பின்னாலிருந்து ஒரு மலை தள்ளுகிறது. தடுமாறினால் ஊன்றிக்கொள்ளக் கைகூட இல்லை. ஆடுகளத்தில் இவ்வளவு நிராதரவாகக் கழுத்தைக் கொடுத்து நிற்கும் ஆட்டக்காரர் வேறு யாரும் கிடையாது.

தாம்சன் ஆடிய காலத்தில் இன்னொன்றும் இருந்தது. இரு அணிகளும் சற்று இடைவெளி விட்டு நின்று, நடுவர் சொன்னதும் பாய்ந்து மோதித்தான் ஸ்க்ரமில் இணைவார்கள். ஆட்டக்காரர்கள் பேச்சில் அதற்கு ‘ஹிட்’ என்றே பெயர். முதல் மோதலில் ஜெயித்தால் ஸ்க்ரமையே ஜெயித்த மாதிரி. அதனால் அந்த மோதலை எவ்வளவு பலமாகக் கொடுக்க முடியும் என்பதற்கே தனிப் பயிற்சி இருந்தது. ஸ்க்ரம் மெஷின் என்ற கனத்த இரும்புச் சட்டத்தின்மீது வாரநாட்களில் திரும்பத் திரும்ப மோதிப் பழகுவார்கள். 2013இல் விதியை மாற்றி, மோதுவதற்கு முன்பே ப்ராப்கள் எதிராளியின் ஜெர்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தின் அளவீட்டில் இந்த ஒரு மாற்றத்தாலேயே மோதல் விசை சுமார் 25 சதவீதம் குறைந்தது. தாம்சன் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த மாற்றம் இது.

ஹூக்கருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் லைன்அவுட். இரு அணியும் இரண்டு வரிசையாக நிற்க, ஹூக்கர் நேராக நடுவில் எறிய வேண்டும். காற்று, களைப்பு, எதிராளியின் கை எல்லாவற்றையும் தாண்டி, தூக்கிப் பிடிக்கப்பட்ட சக ஆட்டக்காரரின் விரல்களுக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். சிட்னியின் கடைசி நிமிடத்தில் தாம்சன் செய்தது இதைத்தான். அதுவும் வரிசையின் கோடிக்கு எறிந்த நீண்ட எறி. அவர் ஹூக்கராகவே வளர்ந்தவரும் அல்ல. பின்வரிசையில் ஆடிவந்தவரை நார்தாம்ப்டன் செயிண்ட்ஸ் அணிதான் முன்வரிசைக்கு மாற்றியது. எறியும் கலையை வளர்ந்தபின், சைமன் ஹார்டி என்ற தனிப் பயிற்சியாளரிடம் உழைத்துக் கற்றுக்கொண்டார். அந்த ஒரு எறிக்குப் பின்னால் இருந்த உழைப்பை நினைக்கும்போதுதான், அது அவர் நினைவிலிருந்து அழிந்துபோனதன் கனம் தெரிகிறது.

தாம்சனின் ஆட்ட வாழ்க்கை

1978இல் ஹெமெல் ஹெம்ப்ஸ்டெட்டில் பிறந்தவர். நார்தாம்ப்டனில் ஆடி, 2002இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணிக்குள் வந்தார். கிளைவ் உட்வர்ட் பயிற்சியாளராகவும் மார்ட்டின் ஜான்சன் தலைவராகவும் இருந்த, உலகின் சிறந்த அணியாக மாறிக்கொண்டிருந்த அணி அது.

2003 ஜூன் 14, வெலிங்டனில் நியூசிலாந்தோடு நடந்த ஆட்டத்தை இங்கிலாந்து ரசிகர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்தின் இரண்டு ஃபார்வர்டுகள், நீல் பேக்கும் லாரன்ஸ் டலாலியோவும், ஒரே நேரத்தில் தற்காலிகமாக வெளியேற்றப்பட்டார்கள். தன் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் எட்டுப் பேருக்கு எதிராக ஆறு பேரோடு ஸ்க்ரம் போட வேண்டிய நிலை. முன்வரிசையின் நடுவில் தாம்சன். ஆட்டம் மறுபடி மறுபடி ஸ்க்ரமுக்கே வந்தது. ஆறு பேரும் தாங்கினார்கள். இங்கிலாந்து 15-13 என்று வென்றது. மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்லப்படும் காட்சி. அந்தச் சுமையெல்லாம் எந்தக் கழுத்தின் வழியே இறங்கியது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

உலகக் கோப்பைக்குப் பிறகு 2005இல், பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அமைக்கும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்காக நியூசிலாந்துப் பயணம். 2007இல் கழுத்துக் காயத்தால் 28 வயதிலேயே ஓய்வு அறிவித்தார். சரி, முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது, மறுபரிசோதனையில் ஆடலாம் என்று மருத்துவர்கள் சொல்ல, ஓய்வுக்காகக் கிடைத்த காப்பீட்டுத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பிரான்சின் ப்ரீவ் அணிக்காகக் களமிறங்கினார். 2009இல் மறுபடி இங்கிலாந்து அணி. 2011 உலகக் கோப்பையிலும் ஆடினார். லீட்ஸ், வாஸ்ப்ஸ் அணிகளுக்குப் பிறகு, 2011 முடிவில் கழுத்துக் காயம் மறுபடி தலைதூக்க, நிரந்தர ஓய்வு. இங்கிலாந்துக்காக மொத்தம் 73 சர்வதேச ஆட்டங்கள்.

1995க்கும் 2012க்கும் நடுவே

என் பார்வையில் இந்த வழக்கின் மையம் இந்த இரண்டு ஆண்டுகள்தாம்.

நூறாண்டுக்கு மேல் ரக்பி யூனியன் காசு வாங்காத ஆட்டம். 1895இல் வடஇங்கிலாந்துக் கிளப்புகள், ஆட்டத்துக்காக வேலைக்கு விடுப்பு எடுக்கும் தொழிலாளிகளுக்கு இழந்த கூலியையாவது கொடுப்போம் என்று கேட்டு, அது மறுக்கப்பட்டதால்தான் பிரிந்துபோனார்கள். ரக்பி லீக் அப்படிப் பிறந்தது. யூனியனில் வங்கி ஊழியர், போலீஸ்காரர், விவசாயி எல்லோரும் வேலை முடிந்து வாரத்துக்கு இரண்டு மாலை பயிற்சி செய்து, சனிக்கிழமை ஆடுவார்கள்.

1995 ஆகஸ்டில், பாரிசில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம் அந்தத் தடையை நீக்கியது. ஒரே அறிவிப்பில் ஆட்டம் தொழிலாகிவிட்டது. தொழிலானதும் மூன்று விஷயங்கள் மாறின. பகல் முழுதும் எடைப் பயிற்சி செய்ய முடிந்ததால் உடல்கள் பெரிதாயின, வேகமும் கூடியது. போட்டிகள் பெருகின. எல்லாவற்றையும்விட முக்கியமாக, மோதல் பயிற்சி வாரநாட்களிலும் நடந்தது. சனிக்கிழமை 80 நிமிடத்தில் விழும் அடியை எல்லோரும் பார்த்தார்கள். செவ்வாயும் புதனும் விழுந்த அடியை யாரும் எண்ணவில்லை.

விளைவுகள் உடனே வந்தன, பாதுகாப்பு வர நாளாயிற்று. தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்துப் பரிசோதிக்கும் ஐந்து நிமிடச் சோதனை முறை 2012இல்தான் தொடங்கியது. அந்த ஐந்து நிமிடமே போதாது என்று வாரியத்தின் மருத்துவ ஆலோசகராக இருந்த முன்னாள் அயர்லாந்து ஆட்டக்காரர் பாரி ஓ’டிரிஸ்கால் பதவி விலகினார். பிறகு அது பத்து நிமிடமானது.

அதற்கு முன்பு விதியே இல்லையா என்றால், இருந்தது. கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சி, ஏற்பட்டவர் மூன்று வாரம் ஆடக் கூடாது. நரம்பியல் நிபுணர் சான்று தந்தால் முன்பே வரலாம். ஆனால் இப்படி ஒரு விதி இருக்கும்போது, தன் இடத்தை இன்னொருவர் பிடித்துவிடுவாரோ என்ற பயத்தில் இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர் எத்தனை பேர், எனக்குத் தலை சுற்றுகிறது என்று தாமாக வந்து சொல்லியிருப்பார்கள்? பயிற்சியில் ஆள் மயங்கிக் கிடந்தால், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார் என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவது வழக்கம் என்று தாம்சன் சொல்லியிருக்கிறார்.

தாம்சன் நார்தாம்ப்டனில் சேர்ந்தது 1998. ஓய்வு 2011. ஆட்டம் தொழிலாகி மூன்று ஆண்டு கழித்து வந்தவர், பரிசோதனை முறை வருவதற்குச் சற்று முன்பு போய்விட்டார். ஆபத்து கூடியிருந்தும் காப்பு வராத இடைவெளிக்குள் அவருடைய வாழ்க்கை முழுதாக அடங்கிவிடுகிறது. அந்தத் தலைமுறையே அப்படித்தான்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளை மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. உடல் சட்டென்று நின்றாலோ தலை சட்டென்று திரும்பினாலோ, மூளை சற்றே தாமதித்து உள்ளே குலுங்குகிறது. தலையிலேயே அடிபட வேண்டும் என்பதில்லை. தோளில் விழும் பலமான டாக்கிள்கூடத் தலையைச் சொடுக்கும். அப்போது நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. மயக்கம், தலைசுற்றல், குழப்பம் என்று அறிகுறி தெரிந்தால் கன்கஷன். பெரும்பாலான கன்கஷன்களில் சுயநினைவை இழப்பதே இல்லை. அறிகுறியே காட்டாத சிறு குலுக்கல்களும் உண்டு. ஹூக்கருக்கு ஒவ்வொரு ஸ்க்ரமிலும் அது நடக்கலாம்.

அந்த இழைகளுக்குள் சாரம் கட்டியதுபோல இருக்கும் அமைப்பை டாவ் என்ற புரதம் பிடித்து நிறுத்துகிறது. திரும்பத் திரும்பக் குலுங்கும்போது டாவ் கழன்று, உருமாறி, கட்டிகட்டியாகச் சேர்கிறது. மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி அது சேரும் விதம் தனித்துத் தெரியும். அந்த நோய்க்கு க்ரானிக் ட்ராமாட்டிக் என்செஃபலோபதி, சுருக்கமாக சி.டி.இ. என்று பெயர். மறதி, மனச்சோர்வு, கட்டுப்பாடற்ற கோபம் என்று பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும்.

இதில் ஒரு பெரிய சிக்கல். இறந்தபின் மூளையை வெட்டிப் பார்த்தால்தான் சி.டி.இ. என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதனால்தான் தாம்சனுக்கு வந்திருப்பதை மருத்துவர்கள் ‘சி.டி.இ.யாக இருக்கக்கூடும்’ என்ற அளவில் சொல்கிறார்கள்.

ஆய்வுகள் சொல்வது

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லி ஸ்டூவர்ட் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஸ்காட்லாந்துக்காக ஆடிய 412 முன்னாள் ஆட்டக்காரர்களை, அதே வயதும் பின்னணியும் கொண்ட 1,236 பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். மூளைநரம்புச் சிதைவு நோய்கள் ஆட்டக்காரர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 5.4 சதவீதம் பேருக்கு. காலத்தையும் கணக்கில் எடுத்தால் ஆபத்து சுமார் இரண்டரை மடங்கு.

2023இல் வந்த இன்னோர் ஆய்வில், தானமாகத் தரப்பட்ட 31 முன்னாள் ரக்பி ஆட்டக்காரர்களின் மூளைகளில் 21இல் சி.டி.இ. இருந்தது. ஆடிய ஒவ்வொரு கூடுதல் ஆண்டும் ஆபத்தை 14 சதவீதம் கூட்டுவதாகக் கணக்கிட்டார்கள். இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ரக்பி ஆடுபவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நோய் வரும் என்று எழுதுவது தவறு. ஏற்கெனவே பாதிப்பு தெரிந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. ஆனால் ஆண்டுகள் கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்பதைத் தள்ளிவிட முடியாது. எத்தனை முறை மயங்கி விழுந்தார் என்ற கேள்வியைவிட, எத்தனை ஆண்டு மோதினார் என்ற கேள்வியே பெரிது என்று அது சொல்கிறது.

வழக்கு எதைப் பற்றியது?

2020 டிசம்பரில் தாம்சன், வேல்ஸின் ஆலிக்ஸ் போபம், இங்கிலாந்தின் மைக்கேல் லிப்மன் ஆகியோர் வெளிப்படையாகப் பேசினார்கள். 2022இல் வழக்கு முறைப்படி தாக்கலானது. எதிர்த்தரப்பு மூன்று: வேர்ல்டு ரக்பி என்று இப்போது அழைக்கப்படும் சர்வதேச வாரியம், இங்கிலாந்தின் ரக்பி ஃபுட்பால் யூனியன், வெல்ஷ் ரக்பி யூனியன். வழக்குத் தொடுத்தவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். 2003 இறுதிப்போட்டியில் தாம்சனின் பக்கத்தில் ப்ராப்பாக நின்ற ஃபில் விக்கரி, அந்த அணியின் இன்னொரு ஹூக்கர் மார்க் ரீகன் ஆகியோர் பெயர்களும் 2023 டிசம்பரில் வெளியாயின. அமைப்புகள் பொறுப்பை ஏற்கவில்லை.

தெரிந்துதானே ஆடினார்கள் என்ற கேள்விக்கு இங்கேதான் விடை. எலும்பு முறியும், கழுத்து சுளுக்கும் என்று தெரிந்தே ஆடினார்கள். நாற்பது வயதில் மனைவியின் பெயர் மறந்துபோகும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் வாதம். நீதிமன்றத்தில் நான்கு படிகளைத் தாண்டியாக வேண்டும்:

1. பாதுகாப்புக் கடமை. ஆட்டத்தை நடத்தும் அமைப்புக்கு ஆட்டக்காரர்மீது சட்டப்படி கடமை உண்டா? இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதில் முன்னோடித் தீர்ப்புகள் தந்திருக்கின்றன. 1991 குத்துச்சண்டைப் போட்டியில் மூளைக்காயம் அடைந்த மைக்கேல் வாட்சன் வழக்கில், வளையத்தருகே போதிய மருத்துவ ஏற்பாடு செய்யாத பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்றார்கள். ரக்பியிலும் ஸ்க்ரமில் கழுத்தில் கடுங்காயம் பட்ட இரண்டு வழக்குகளில் நடுவர் பொறுப்பாக்கப்பட்டார். இரண்டிலும் காயம்பட்டவர் ஹூக்கர்.

2. கடமை மீறல். எப்போது என்ன தெரிந்திருந்தது? குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவு பற்றி ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928இலேயே எழுதினார். ரக்பிபோல மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் சி.டி.இ. கண்டதை, பெனட் ஒமாலு என்ற மருத்துவர் 2005இல் வெளியிட்டார். ரக்பியை ஆள்பவர்களுக்கு எந்த ஆண்டில் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்தான் பெரிய சண்டை.

3. காரணத் தொடர்பு. இதுதான் மிகக் கடினம். சரிந்த ஸ்க்ரமுக்கு நாளும் நேரமும் உண்டு, இந்த நோய்க்கு இல்லை. பள்ளியிலும், கிளப்பிலும், பிரான்சிலும், நாட்டு அணியிலும் வாங்கிய அடிகளில் எது யார் கணக்கு? வழக்கில் இல்லாத கிளப்பின் பயிற்சித் திடலில் விழுந்த அடிக்கு யார் பொறுப்பு?

4. காலவரம்பு. உடற்காய வழக்கை இங்கிலாந்தில் மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ஆனால் காயத்தைப் பற்றித் தெரியவந்த நாளிலிருந்தும் அதைக் கணக்கிடலாம். மறைந்து வளரும் நோய்க்கு அந்த நாள் எது என்பதே தனி வாதம்.

அமெரிக்கக் கால்பந்தில் இப்படிப்பட்ட வழக்கு நீதிபதி முன் முழு விசாரணைக்குப் போகாமலேயே சமரசத்தில் முடிந்தது. 2015இல் நீதிமன்றம் ஏற்ற அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு நூறு கோடி டாலர் அளவு. ரக்பி அமைப்புகளிடம் அந்த மாதிரிப் பணம் கிடையாது.

அப்புறம் மாறியது என்ன?

தலையில் படும் டாக்கிளுக்கு 2017 முதல் கடும் தண்டனை. முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடம் போதும் என்று 2021இல் வேர்ல்டு ரக்பி பரிந்துரைத்தது. கன்கஷனுக்குப் பின் பெரும்பாலோர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்றது 2022. இங்கிலாந்தின் தொழில்முறை அல்லாத ஆட்டங்களில் 2023 முதல் மார்பெலும்புக்குக் கீழேதான் டாக்கிள் செய்யலாம். 2024 முதல் உயர்மட்ட ஆட்டங்களில் பல்காப்புக்குள் உணர்கருவி வைத்து, தலை குலுங்கும் வேகத்தை அளந்து, அளவு மீறினால் ஆளை வெளியே அழைக்கிறார்கள். இந்த மாற்றங்களை நான் மனதார வரவேற்கிறேன். பயிற்சிக்கு வரம்பு என்பது இன்னும் பரிந்துரையாகவே இருப்பதுதான் உறுத்துகிறது, ஏனென்றால் தாம்சன் தலைமுறையினர் எண்ணாமல் அடி வாங்கியது அங்கேதான்.

இதைத் தெரிந்திருந்தால் தொழில்முறை ரக்பிக்கே வந்திருக்க மாட்டேன் என்று தாம்சன் சொல்லியிருக்கிறார். நோய் தெரிந்த மறு ஆண்டு, 2021இல், இறந்தபின் தன் மூளையை ஆய்வுக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தார். ‘இருக்கக்கூடும்’ என்று மருத்துவர்கள் இன்று சொல்வது உறுதியா இல்லையா என்பது அன்றுதான் தெரியும்.